ஒரு வாய் தின்னா என்ன ஆயிடும்?

பி.காம் படிக்கிற பையனுக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஸ்நாக்ஸ் டப்பாவைப் பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தகுதி ஒன்றே ஒன்றுதான். கடந்த ஒன்றரை வருடமாக எங்கள் அக்கா பையனுக்கு அந்த டப்பாவை தினமும் காலையில் கட்டிக் கொடுப்பது அடியேன்தான். அக்கா எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். எனக்குக் கல்லூரி மதிய ஷிப்ட். அதனால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்க வீட்டு வாண்டுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. ஐந்து வயது வரை நன்றாகத்தான் இருந்தான். அதற்குப் பிறகு உயரமே ஏறவில்லை. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பல். அடிக்கடி வயிற்றுப்போக்கு. தெருவில் எல்லோரும் "பிள்ளை சவலையா இருக்கே" என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தோம், இரும்புச்சத்து டானிக் கொடுத்தோம், தாயத்தும் கட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதன்பின் எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலில் இருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்றார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்கிற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பி சிறுகுடலைத் தாக்குகிறது. பள்ளிக்கூட அறிவியலில் குடலுறிஞ்சிகள் என்று படித்திருப்போமே, அவை தேய்ந்து மட்டமாகிவிடும். பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது. குளூட்டனை அடியோடு நிறுத்தினால் குடல் தானாக ஆறும். மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடத்துக்கு மேலும் ஆகும். ஆறிவிட்டதே என்று மறுபடி சாப்பிட்டால் மறுபடி புண்ணாகும். ஆகவே வாழ்நாள் பத்தியம்.

டாக்டர் இதைச் சொன்னதும் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. "நாமதான் சோறு திங்கிற ஆளுங்களாச்சே, சப்பாத்தியை நிறுத்தினா முடிஞ்சுது" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அடுக்களையை அலசியபோதுதான் கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. ரவை கோதுமை. சேமியா கோதுமை. மைதா கோதுமை. அதனால் பிஸ்கட், பிரெட், கேக், பப்ஸ், பரோட்டா, நூடுல்ஸ் எல்லாம் போயிற்று. உயரமாக வளர்வான் என்று பாலில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோமே சத்து மாவு, அதன் டப்பாவில் மால்ட் என்று போட்டிருந்தது. மால்ட் என்றால் பார்லி! அவனை வளரவிடாமல் செய்த சாமான்களில் ஒன்றை நாங்களே காலையும் மாலையும் ஊட்டியிருக்கிறோம்.

இதைவிட அதிர்ச்சி பெருங்காயம். சுத்தமான பெருங்காயத்தின் காரம் தாங்க முடியாது என்பதால், கடையில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினும் மாவும் சேர்ப்பார்கள். பலவற்றில் அந்த மாவு மைதாதான். சில கம்பெனிகள் அரிசி மாவு சேர்க்கிறார்கள், லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும். சாம்பார், ரசம், இட்லிப் பொடி, முறுக்கு என்று பெருங்காயம் போகாத இடம் நம் சமையலில் உண்டா?

அடுத்தது மாவு மில். நம் வீட்டு அரிசியைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோகிறோம். ஆனால் நமக்கு முன்னால் நிற்கிறவர் கோதுமை அரைத்திருப்பார். அதே மிஷினில்தான் நம் அரிசியும் விழும். முதல் இரண்டு படி மாவில் கோதுமை கலக்காமல் இருக்குமா? இப்போது புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்கிறோம். சல்லடையும் புதிதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் இருப்பது திருநெல்வேலி. ஊரின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் எது ஞாபகம் வருமோ, அது சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்துக் கிண்டுவது. திருநெல்வேலியில் பிறந்து ஆயுளுக்கும் அல்வா சாப்பிடக் கூடாது என்றால், இதைவிடப் பெரிய அல்வாவை ஒரு பிள்ளைக்கு யார் கொடுக்க முடியும்? :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஒன்றரை வருடத்தில் நான் புரிந்துகொண்டது, பத்தியத்தில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒருவர் "ஒரு வாய் தின்னா என்ன ஆயிடும்" என்கிறவர். இன்னொருவர் "எதுக்கு வம்பு, எதையுமே கொடுக்காதே" என்கிறவர். இரண்டு பேருமே பிள்ளையின் மேல் பாசம் உள்ளவர்கள்தான். நானே இரண்டாவது கட்சியில் கொஞ்ச நாள் இருந்தேன். அதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் எதிரி எங்கள் அம்மா. கோயில் கொடைக்கு வந்த உறவுக்காரர் அல்வா பொட்டலம் கொண்டுவந்தார். வாண்டு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். "ஒரு வாய் தின்னா பிள்ளைக்கு என்னல ஆயிரப் போவுது? கண்ணு போட்டுட்டு நிக்கான் பாரு" என்று அம்மா என்னைத் திட்டினாள். பாசத்தில் சொல்வதை எப்படி மறுப்பது? நான் கணக்கு சொல்லித்தான் மறுத்தேன்.

கணக்கு இதுதான். ஒரு துண்டு பிரெட்டில் ஏறக்குறைய 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். 2007-ல் வெளியான ஒரு இத்தாலிய ஆய்வில், சீலியாக் உள்ள பெரியவர்களுக்கு தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அளவே குடலைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. ஆக, அந்த பிரெட் துண்டை நாற்பதாகக் கிள்ளினால் அதில் ஒரு கிள்ளு! தினம் அந்த ஒரு கிள்ளு உள்ளே போனாலே போதும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்திருப்பது சும்மா இல்லை. அம்மா கணக்கைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவளாகவே அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டு ஒரு அல்வா கிண்டினாள். அது கொஞ்சம் களி மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் வாண்டு தட்டை வழித்தான்.

இரண்டாவது எதிரியைப் பற்றிச் சொல்லும் முன் ஒரு பழைய கதை. இந்த நோய்க்கு உணவுதான் மருந்து என்பது லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ 1888-லேயே சொன்னது. எந்த உணவு என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. 1924-ல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்கிற குழந்தை மருத்துவர் வாழைப்பழ வைத்தியம் ஒன்றைக் கொண்டுவந்தார். ரொட்டி, உருளைக்கிழங்கு போன்ற மாவுப் பண்டங்களை நிறுத்திவிட்டு நிறைய வாழைப்பழம் கொடுப்பது. சாகக் கிடந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். எல்லோரும் வாழைப்பழத்தைக் கொண்டாடினார்கள். உண்மையில் குணமாக்கியது பழம் இல்லை, ரொட்டி நின்று போனதுதான். அது தெரியாததால், குணமாகிவிட்டது என்று நம்பி மறுபடி ரொட்டிக்குத் திரும்பியவர்கள் உண்டு.

சரியான காரணத்தைப் பிடித்தவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. கோதுமையின் மேல் அவருக்கு 1930-களிலேயே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் கொடும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்காத அந்தக் காலத்தில் நாடே வாடியபோது, இந்த நோய் உள்ள பிள்ளைகள் மோசமாகவில்லை என்பதைக் கவனித்தார். அவருடைய சந்தேகம் வலுத்தது. 1950-ல் அதை ஆய்வேடாக எழுதினார். அதற்குப் பிறகுதான் வாழைப்பழத்தையே நம்பியிருந்த பிள்ளைகளுக்கு அரிசியும் சோளமும் உருளைக்கிழங்கும் திரும்பக் கிடைக்க வழி பிறந்தது.

எதை நீக்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தால், மீதி எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுக்கலாம். தெரியாதபோதுதான் பயத்தில் எல்லாவற்றையும் நிறுத்துகிறோம்.

நாங்கள் செய்த தப்பும் அதேதான். நோய் தெரிந்த புதிதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். "வீட்டிலிருந்து வருவதைத் தவிர எதையும் கொடுக்க வேண்டாம்" என்று ஒரே வரி. ஏன், எது கூடாது, எது பரவாயில்லை என்று ஒன்றும் எழுதவில்லை. வகுப்பு டீச்சர் நல்லவர். ஆனால் பயந்துவிட்டார். இடைவேளையில் இவனை முதல் பெஞ்சில் தனியாக உட்காரவைத்து, "இவனுக்கு உடம்பு சரியில்லை, யாரும் இவனுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, இவன்கிட்டேயும் வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பயத்தில் தினமும் ஒரு வாழைப்பழமும் ஒரு கை பொரியும்தான் வைத்துக்கொண்டிருந்தேன். நூறு வருடத்துக்கு முந்தைய நியூயார்க் வைத்தியம் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

டப்பா தினமும் காலியாகத் திரும்பி வந்தது. சமர்த்துப் பிள்ளை என்று சந்தோஷப்பட்டோம். ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் அந்த எண் நாங்கள் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. "எங்கேயோ உள்ளே போகுது, பாருங்க" என்றார் டாக்டர். பெருங்காயம், மில், எண்ணெய்ச் சட்டி என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைத் துவைக்கப் போட்டபோது, பென்சில் பாக்ஸின் அடியில் க்ரீம் பிஸ்கட் தாள்கள் நான்காக மடித்து வைத்திருந்தன. ஒன்றிரண்டு இல்லை.

அக்கா அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். நான் மாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். வேனில் கூட வரும் ஒரு பையனிடம் வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு பிஸ்கட்டை வாங்கிக்கொள்வானாம். "பிஸ்கட் அவ்வளவு பிடிக்குமால?" என்றேன். இல்லை என்று தலையாட்டினான். பிறகு சொன்னான்: "மாமா, அவன் மட்டும்தான் என் டப்பாவில இருந்து எடுத்தான்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சாப்பிட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். அவரவர் டப்பாவை அவரவரா சாப்பிட்டோம்? என் புளிச்சோற்றை எவனோ தின்றிருப்பான், எவனுடைய முட்டையோ என் வாயில் இருக்கும். கூட்டாளி என்றால் யார் என்று பிள்ளைகள் படிப்பதே அந்தப் பத்து நிமிடத்தில்தான். அந்த இடத்தில் ஒரு பிள்ளையைக் கொடுக்கவும் விடாமல், வாங்கவும் விடாமல் உட்காரவைத்தால், குடல் ஆறுவதற்குள் மனசு புண்ணாகிவிடும். அப்புறம் குடலும் ஆறாது, எங்கள் வீட்டில் நடந்தது மாதிரி.

மறுநாளே கட்சி மாறினேன். இப்போது என் கொள்கை ஒன்றுதான். மற்ற பிள்ளைகள் கேட்டு வாங்குகிற மாதிரி டப்பா இருக்க வேண்டும். இவன் வாங்கிச் சாப்பிட முடியாது, சரி. ஆனால் கொடுக்க முடியுமே? அதனால் ஒருவனுக்கு வைக்காமல் நான்கு பேருக்கு வைக்கிறேன்.

பத்து நிமிட இடைவேளைக்கு ஏற்ற மாதிரியும் இருக்க வேண்டும். ஒழுகக் கூடாது, கை கழுவ ஓடக் கூடாது, ஆறினாலும் தின்ன முடிய வேண்டும். நம்மிடம் இல்லாததா? கடலை மிட்டாய் இருக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, எங்களுக்குப் பக்கத்து ஊர். எள்ளுருண்டை, பொரியுருண்டை, பொட்டுக்கடலை மாவுருண்டை இருக்கின்றன. குழிப்பணியாரம் இனிப்பிலும் வைக்கலாம், காரத்திலும் வைக்கலாம். அவித்த வேர்க்கடலை, சுண்டல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பிடிகொழுக்கட்டை. தை மாதம் பனங்கிழங்கு. முறுக்கும் தட்டையும் வீட்டில் சுட்டது மட்டும்தான். கடையில் மைதா கலப்பார்களா என்று தெரியாது, அதே எண்ணெயில் சமோசா பொரித்திருப்பார்கள். வேர்க்கடலையும் எள்ளும் வேறு சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது என்பதால், அப்படி யாராவது வகுப்பில் உண்டா என்று டீச்சரிடம் முதலில் கேட்டுக்கொண்டேன். நம் பிள்ளைக்குக் கேட்கிற கவனத்தை அடுத்தவர் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும் அல்லவா?

காமர்ஸ் மாணவன் செலவைப் பற்றிச் சொல்லாவிட்டால் எப்படி? குளூட்டன் இல்லாத பிஸ்கட் என்று கடையில் விற்பது சாதாரண பிஸ்கட்டை விடப் பல மடங்கு விலை. முதல் மாதம் அதை வாங்கியே அத்தான் நொந்துபோனார். சல்லடை, தனி தோசைக்கல், தனி மிக்ஸி ஜார் ஆகியவை ஒரே ஒரு முறை செலவு. மற்றபடி மேலே சொன்ன பண்டங்கள் நான்கு பேருக்குச் சேர்த்துச் செய்தாலும் அந்த ஒரு பிஸ்கட் பாக்கெட்டை விடக் குறைவுதான். பிற நாட்டுக்காரர்கள் பாவம், ரொட்டிக்கு மாற்று தேடி அலைகிறார்கள். நமக்கு மாற்று தேவையே இல்லை. பாட்டி காலத்துப் பண்டம் போதும்.

டீச்சரிடம் கடிதத்தையும் மாற்றிக் கொடுத்தோம். கூடாதவை ஒரு பக்கம், தாராளமாகச் சாப்பிடக்கூடியவை மறு பக்கம். பிறந்தநாள் கேக் வருகிற நாளுக்காக ஒரு சிறிய டப்பா நிறைய மாவுருண்டையும் கடலை மிட்டாயும் வகுப்பு அலமாரியிலேயே வைக்கச் சொன்னோம். டீச்சரும் வகுப்பில் பேசினார். "இது ஒட்டிக்கிற வியாதி இல்லை, இவனுக்குக் கோதுமை மட்டும்தான் ஆகாது" என்று விளக்கிச் சொல்லி, அவனைப் பழைய பெஞ்சுக்கே அனுப்பினார். இதற்குப் பள்ளிக்கு ஆன செலவு பூஜ்யம்.

இது ஒரு வீட்டுப் பிரச்சினைதானே என்று நினைக்க வேண்டாம். 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். சீலியாக் வட இந்தியாவில் 1.23 சதவீதம், தென்னிந்தியாவில் 0.10 சதவீதம். அதாவது இங்கே ஆயிரத்தில் ஒருவர். ஆயிரம் பேர் படிக்கிற பள்ளிக்கு ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு பிள்ளை யார் என்று பல பள்ளிகளில் யாருக்கும் தெரியாது. 2022-ல் மதுரையில் தொடங்கிய அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டம் அருமையான திட்டம். ஆனால் அதன் பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா எல்லாம் இருந்தன. பட்டியலைக் குறை சொல்லவில்லை. அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும்கூட அதிலேயே இருந்தன. அந்த ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு அதைத் தினமும் தனியாக எடுத்துவைக்க ஒரு விதி இருந்தால் போதும். எங்கள் வாண்டுக்கு டப்பா கட்ட ஒரு மாமா இருக்கிறான். காலையில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை நம்பி வருகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, "என் பிள்ளைக்கும் வயிறு உப்புது" என்று நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனைகள் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். குடலை ஆற்றும் உணவுமுறை என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் சொல்கிறார்கள். பால் கூடாது, அரிசி கூடாது, பருப்பு கூடாது என்று நீண்டுகொண்டே போகும். வளர்கிற பிள்ளையின் தட்டிலிருந்து ஒன்றை எடுக்கும் முன் டாக்டரிடம் காரணம் கேளுங்கள். எங்கள் டாக்டரும் முதலில் பாலை நிறுத்தச் சொன்னார். குடல் புண்ணாக இருக்கும்போது பாலைச் செரிக்கும் நொதியும் குறைந்துவிடுமாம். குடல் கொஞ்சம் ஆறியதும் பாலைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டார். நிறுத்தச் சொன்னவரே எப்போது திரும்பக் கொடுக்கலாம் என்பதையும் சொன்னால்தான் அது வைத்தியம்.

இப்போது வாண்டு எப்படி இருக்கிறான்? போன முறை எண் நன்றாக இறங்கியிருந்தது. ஒரு வருடத்தில் நான்கு விரல் வளர்ந்திருக்கிறான். வயிறு அமுங்கிவிட்டது. வாய்தான் நீண்டுவிட்டது. "மாமா, நாளைக்குப் பணியாரம் பத்தாது, கூட ரெண்டு வை, ஒருத்தன் புதுசா சேர்ந்திருக்கான்" என்று உத்தரவு போடுகிறான்.

டப்பா இப்போதும் தினமும் காலியாகத்தான் வருகிறது. என்ன, அவன் எத்தனை தின்றான், மற்றவர்கள் எத்தனை தின்றார்கள் என்றுதான் கணக்கு வரமாட்டேன் என்கிறது.